ப்ராசஸரை எதில் சொருகப் போகிறீர்கள்?

எங்கள் பக்கத்துப் பையன்கள் நல்ல கிட்டார் எஃபெக்ட்ஸ் ப்ராசஸர் (கிட்டார் சத்தத்தைப் பலவிதமாக மாற்றித் தரும் பெட்டி) வாங்க வேண்டும் என்றால் பெங்களூருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். எங்கள் ஊரான கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, ஆனால் பெங்களூர் பஸ்ஸுக்குக் குறைவில்லை. கிளம்புவதற்கு முன் சிலர் என்னிடம் கேட்பார்கள்: "அண்ணா, இதுல எழுபது எஃபெக்ட் இருக்கு, அதுல நூறு இருக்கு. எதை வாங்கட்டும்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வாங்கி எதுல சொருகப் போறே?"

பெரும்பாலும் பதில் வராது. வீட்டில் இருக்கும் பிராக்டிஸ் ஆம்பிலா, கச்சேரி மேடையில் மைக் செட்காரரின் மிக்ஸரிலா, லேப்டாப்பிலா? எல்லாவற்றுக்கும் ஆகும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். ஆகும்தான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அதை வேறு மாதிரி வைக்க வேண்டும், சில பெட்டிகளுக்கு ஏதாவது ஒரு இடம் சுத்தமாக ஒத்துவராது. எஃபெக்ட் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, மிகச் சின்னப் பெட்டியிலும் நமக்குத் தேவையானதைவிட அதிகம்தான் இருக்கிறது. அதனால் நான் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்து ஓட்டைகளைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

நான் திருவிழா சீசனில் ஆர்கெஸ்ட்ராவோடு கிட்டார் வாசிப்பவன். மற்ற நாட்களில் மாடியில் ஷீட் போட்ட ஓர் அறையில் பக்திப் பாடல், குறும்படம் என்று சின்ன அளவில் ரெக்கார்டிங் செய்கிறேன். மெட்டல் வாசிக்கிறவர்களுக்கும், பெரிய ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கும் என் தேர்வு சரிப்படாமல் போகலாம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

எந்தக் கம்பெனி ப்ராசஸராக இருந்தாலும் உள்ளே வரிசை ஏறத்தாழ இதுதான்: முதலில் 'வா' (wah) எஃபெக்ட், கம்ப்ரஸர், அடுத்து சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், அப்புறம் ஆம்ப் மாடல் (நிஜ ஆம்பின் குரலைப் போலச் செய்வது), கேபினட் (ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்வது), கடைசியில் கோரஸ், ஃபிளாஞ்சர், எதிரொலி வகையான டிலே, ரிவெர்ப். இந்த வரிசையில் எல்லாரும் கவனிக்காமல் விடுவது நடுவில் இருக்கும் ஆம்ப் மாடலையும் கேபினட்டையும்தான். நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்பதில் முக்கால்வாசியை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

காரணம் இதுதான். கிட்டார் ஆம்பில் இருக்கும் ஸ்பீக்கர் நம் வீட்டு ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் மாதிரி எல்லாச் சத்தத்தையும் கொடுக்காது. சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதன் சத்தம் வேகமாக விழுந்துவிடும். டிஸ்டார்ஷன் போட்டால் எழும் கூரான இரைச்சல் எல்லாம் அதற்கு மேலேதான் இருப்பதால், ஸ்பீக்கரே அதை வடிகட்டிவிடுகிறது. ஆம்ப் இல்லாமல் நேராக ஹெட்போனிலோ மிக்ஸரிலோ சொருகினால் அந்த வடிகட்டல் கிடைக்காது, காதைக் கிழிக்கும். கேபினட் சிமுலேஷன் என்பது அந்த வடிகட்டலைக் கணக்குப் போட்டுச் செய்வது. இப்போது பல பெட்டிகளில் ஐஆர் என்ற பெயரில் நிஜக் கேபினட்டையும் மைக்கையும் அளந்து எடுத்த சின்ன வேவ் ஃபைலை நாமே ஏற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கேபினட்டை அணைக்காமல் நிஜ ஆம்பில் சொருகினால் ஒரே சத்தம் இரண்டு முறை வடிகட்டப்படும். சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்ட மாதிரி சத்தம் அமுங்கி, மந்தமாக, "ப்ராசஸர்னாலே பிளாஸ்டிக் சவுண்டு" என்று சொல்ல வைக்கும். அப்படிச் சொல்கிறவர்களின் பெட்டியை வாங்கிப் பார்த்தால் கேபினட் ஆன் ஆகித்தான் இருக்கும்.

ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு

ப்ராசஸர் பார்க்கப் போவதற்கு முன் உங்கள் ஆம்பைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருக்கிறதா? அதுதான் எஃபெக்ட்ஸ் லூப். 10, 15 வாட் பிராக்டிஸ் ஆம்ப்களில் பெரும்பாலும் இருக்காது. இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே பாதி முடிவு வந்துவிடும்.

லூப் இல்லை என்றால் முன்பக்க இன்புட்தான் முதல் வழி. ஆம்பை கிளீன் சேனலில் வைத்து, பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் நிறுத்தி, ப்ராசஸரில் கேபினட்டை அணைத்துவிடுங்கள். ஆம்ப் மாடலையும் முதலில் அணைத்தே கேளுங்கள். ஓவர்டிரைவ், கோரஸ், டிலே மட்டும் போதும். உங்கள் ஆம்பின் சொந்த கிளீன் சத்தம் நன்றாக இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷன் சேனலைப் போட்டுக்கொண்டு, முன்னால் இருந்து டிலேயும் ரிவெர்பும் அனுப்பாதீர்கள். எதிரொலி முழுக்க டிஸ்டார்ஷனுக்குள் போய்க் கசகசவென்று ஆகிவிடும்.

இந்த வகை ஆட்களுக்கு விலை உயர்ந்த ஆம்ப் மாடலிங் பெட்டி வீண் செலவு என்பது என் கருத்து. அதன் பெரிய வேலையையே அணைத்துவிட்டுத்தானே வாசிக்கப் போகிறீர்கள்? தனித்தனி பெடலாக இரண்டோ மூன்றோ வாங்கினாலும் போதும். ஒரு ஓவர்டிரைவ், ஒரு டிலே, ஆசைக்கு ஒரு கோரஸ். பாஸ் கம்பெனியின் டிஎஸ்-1 என்ற ஆரஞ்சு நிற டிஸ்டார்ஷன் பெடல் 1978-ல் வந்தது, இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கிறது. பெடலுக்கு ஆயுசும் மறுவிற்பனை மதிப்பும் ப்ராசஸரைவிட அதிகம்.

லூப் இருக்கிறது என்றால் இரண்டு வழி திறக்கும். முதல் வழி, ப்ராசஸரின் அவுட்புட்டை ஆம்பின் ரிட்டர்னில் மட்டும் சொருகுவது. அப்போது ஆம்பின் முன்பகுதி முழுவதும் விலகிக்கொள்ளும், பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் மட்டும் வேலை செய்யும். ப்ராசஸரில் ஆம்ப் மாடலை ஆன் செய்து, கேபினட்டை மட்டும் அணைக்க வேண்டும். பல மாடல்களில் ஆம்பின் முன்பக்க வால்யூம் இப்போது வேலை செய்யாது. ப்ராசஸரில் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு மெதுவாக ஏற்றுங்கள், இல்லாவிட்டால் முதல் கார்டுக்கே வீட்டில் உள்ளவர்கள் ஓடி வருவார்கள்.

இரண்டாவது, நாலு கேபிள் முறை. கிட்டாரிலிருந்து ப்ராசஸர் இன்புட், ப்ராசஸர் சென்டிலிருந்து ஆம்ப் இன்புட், ஆம்ப் சென்டிலிருந்து ப்ராசஸர் ரிட்டர்ன், ப்ராசஸர் அவுட்டிலிருந்து ஆம்ப் ரிட்டர்ன். வா, ஓவர்டிரைவ் எல்லாம் ஆம்புக்கு முன்னும், டிலே, ரிவெர்ப் எல்லாம் ஆம்பின் டிஸ்டார்ஷனுக்குப் பின்னும் வந்து உட்காரும். ஆம்பின் சொந்தக் குரல் பிடித்தவர்களுக்கு இதுதான் சரியான வழி. ஆனால் இதற்கு ப்ராசஸரிலும் சென்ட், ரிட்டர்ன் இருக்க வேண்டும். பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1 ஃபோர் போன்ற சின்னப் பெட்டிகளில் அது இல்லை. லைன் 6 பாட் கோ (POD Go), ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப், பாஸ் ஜிஎக்ஸ்-100 ஆகியவற்றில் இருக்கிறது. கேபிள் நாலும் தரமாக இருக்க வேண்டும் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லூப் இல்லாத சின்ன ஆம்பில் பாட்டுப் போட ஆக்ஸ் இன் என்று ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ப்ராசஸரின் ஹெட்போன் அவுட்டை அதில் கொடுத்தால் ரிட்டர்ன் மாதிரியே ஓரளவு வேலை செய்யும். ஹெட்போன் ஜாக் ஸ்டீரியோ என்பதால் ஸ்டீரியோ கேபிள்தான் போட வேண்டும். வால்யூம் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். காசில்லாமல் ஆம்ப் மாடலை நிஜ ஸ்பீக்கரில் கேட்டுப் பார்க்க இது நல்ல வழி.

பெட்டி வாங்கியதும் செட்டிங்ஸில் அவுட்புட் செலக்ட் என்ற ஒன்றைத் தேடுங்கள். எதில் சொருகியிருக்கிறோம் என்று பெட்டிக்குச் சொல்லும் இடம் அது. பாஸ் பெட்டிகளில் அந்தப் பட்டியலில் ஜேசி-120 என்று ஒரு பெயரும் வரும். பாஸின் தாய்க் கம்பெனியான ரோலண்ட் 1975-ல் கொண்டுவந்த ஆம்ப் அது, 60 வாட் பவர் ஆம்ப் இரண்டும் 12 இன்ச் ஸ்பீக்கர் இரண்டும் வைத்தது. அதன் கோரஸ் சர்க்யூட்டைத் தனியாகப் பிரித்துத்தான் 1976-ல் சிஇ-1 என்ற முதல் கோரஸ் பெடலைச் செய்தார்கள். எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளை வாசிக்கும்போது நாம் தேடித் தேடிப் போடும் அந்தப் பளபள கிளீன் சத்தத்துக்கு மூதாதை அதுதான்.

மேடைக்கு வாங்குபவர்களுக்கு

திருவிழா மேடையில் கிட்டார் ஆம்ப் வைப்பதெல்லாம் அரிது. கீபோர்டு, ரிதம் பேட், கிட்டார் எல்லாமே மைக் செட்காரரின் மிக்ஸருக்கு நேராகப் போகும். ஆக ஆம்ப் மாடல், கேபினட் இரண்டும் ஆனில் இருக்க வேண்டும். அவுட்புட்டில் மானோ என்று எழுதியிருக்கும் ஜாக்கில் மட்டும் சொருகுங்கள், பெட்டியே இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிக் கொடுத்துவிடும். ஸ்டீரியோவில் வலமும் இடமும் ஓடும் டிலே எல்லாம் மேடையில் யாருக்கும் கேட்கப் போவதில்லை.

மிக்ஸர் மேடையிலிருந்து தள்ளிக் கூட்டத்துக்கு நடுவே இருந்தால் ஒரு டிஐ பாக்ஸ் கைவசம் வேண்டும். சாதாரண கிட்டார் கேபிளை அவ்வளவு தூரம் இழுத்தால் சீரியல் லைட்டின் இரைச்சல் முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும். டிஐ பாக்ஸ் அதை இரைச்சல் எளிதில் ஏறாத பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றி மைக் கேபிளில் அனுப்பும்.

வாங்கும்போது மேடைக்காக நான் பார்ப்பது காலடியைத்தான். கோயில் மேடையில் செருப்பில்லாமல்தான் வாசிக்கிறோம். கடையில் ஷூ போட்ட காலால் அழுத்திப் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள். வெறுங்காலால் அழுத்தும்போது சுவிட்சுகள் நெருக்கமாக இருந்தால் கட்டைவிரல் பக்கத்துச் சுவிட்சையும் தட்டிவிடும். ஒடுக்கமான பெட்டியை மேடைக்கு எடுத்துப் போகிறவர்கள் தனியாக ஒரு ஃபுட்ஸ்விட்ச் சேர்க்க முடியுமா என்று பார்த்து வாங்கவும்.

அடுத்தது டாப் டெம்போ. டிலே நேரம் பாட்டின் வேகத்தோடு ஒட்ட வேண்டும். கணக்கு எளிது: 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். டெம்போ 120 என்றால் 500. அதில் முக்கால் பங்கு, 375, வைத்தால் அந்தக் குதித்து ஓடும் டிலே கிடைக்கும். வீட்டில் இந்த எண்ணை டைப் செய்துகொள்ளலாம். மேடையில் பேட் வாசிப்பவர் கூட்டத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிவிடுவார், அப்போது காலால் தட்டி வேகத்தைச் சொல்ல ஒரு சுவிட்ச் இருந்தே ஆக வேண்டும்.

பாட்டுக்கு ஒரு பேட்ச் (பெட்டியில் சேமித்து வைக்கும் சத்த அமைப்பு) என்று செய்து வைப்பதும் எங்கள் மேடையில் எடுபடாது. கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும். வேப்பனப்பள்ளி, ஓசூர் பக்கம் போனால் தெலுங்குப் பாட்டும் கேட்டு எழுதி அனுப்புவார்கள். பாடகர் சுருதி சொன்ன அடுத்த நிமிஷம் தொடங்க வேண்டும். அதனால் கிளீன், கோரஸ் போட்ட கிளீன், லேசான ஓவர்டிரைவ், டிலேயோடு லீட், வா என்று ஐந்து சத்தம் போதும். லீட் பேட்ச் மட்டும் மற்றவற்றைவிட 3 டெசிபல் தூக்கலாக இருக்கட்டும். இந்த அவசரத்துக்கு மெனுவுக்குள் போய்த் தேடும் பெட்டியைவிட, பாஸ் எம்இ-80 மாதிரி எல்லாக் குமிழும் மேலேயே இருக்கும் பெட்டி எனக்குக் கை கொடுக்கிறது. அழகுக்கு அது பின்தங்கியதுதான்.

வீட்டில் ஹெட்போன் போட்டுச் செய்த பேட்ச் மேடையில் வேறு மாதிரிதான் கேட்கும். குறைந்த வால்யூமில் நம் காது அடிச் சத்தத்தையும் உச்சச் சத்தத்தையும் குறைவாகக் கேட்பதால் இரண்டையும் தாராளமாக ஏற்றி வைத்திருப்போம். பெரிய ஸ்பீக்கரில் அது குடைந்து எடுக்கும், நடுச் சத்தம் இல்லாமல் கிட்டார் கீபோர்டுக்கு அடியில் காணாமல் போகும். பேட்ச் கடைசியில் ஒரு ஈக்யூ (ஈக்வலைசர்) வைத்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுங்கள். கெய்னையும் (டிஸ்டார்ஷனின் அளவு) ரிவெர்பையும் வீட்டில் வைத்ததில் பாதிக்குக் கொண்டு வாருங்கள். வீட்டில் கேட்டால் சப்பென்று இருக்கும், மேடையில் சரியாக இருக்கும்.

வீட்டு ஸ்டூடியோவுக்கு

ஆம்புக்கு முன் மைக் வைத்து ரெக்கார்டு செய்வதுதான் சிறந்தது என்று படித்திருப்பீர்கள். எங்கள் ஊரில் அதைச் செய்து பாருங்கள். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போகும் 44-ம் எண் நெடுஞ்சாலையும், சென்னை பெங்களூர் ரோடான 48-ம் எண்ணும் சந்திக்கும் ஊர் இது. நடு ராத்திரியிலும் லாரி ஹாரன் நிற்காது. மழை வந்தால் ஷீட் கூரை தனி ரிதம் பேட். ஆகவே நேரடி ரெக்கார்டிங்தான் எனக்கு வழி, உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இங்கே முதல் கேள்வி: பெட்டியில் யூஎஸ்பி ஓட்டை இருக்கிறதே, அது ஆடியோவை அனுப்புமா? எல்லா யூஎஸ்பியும் அனுப்பாது. ஜூம் ஜி1 ஃபோர், ஜி1எக்ஸ் ஃபோர் இரண்டிலும் உள்ள யூஎஸ்பி பவர் எடுக்கவும் எடிட்டர் சாஃப்ட்வேருக்கும் மட்டும்தான். ஆடியோ இன்டர்ஃபேஸாக (சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் கருவியாக) அது வேலை செய்யாது. விலைக்கு நல்ல பெட்டிகள், பழகுவதற்கு நானே பரிந்துரைப்பேன், ஆனால் ரெக்கார்டிங் செய்யத் தனி இன்டர்ஃபேஸ் வேண்டியிருக்கும் என்று தெரிந்து வாங்குங்கள். பாஸ் ஜிடி-1-ல் யூஎஸ்பி வழியே ஆடியோ போகும்.

யூஎஸ்பி ஆடியோ உள்ள பெட்டியில் ஒரு பெரிய வசதி உண்டு. நாம் வாசிப்பதைப் பெட்டியின் ஹெட்போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்குப் போய்ச் சுற்றி வரும் தாமதம் இல்லை. சாஃப்ட்வேர் ஆம்ப் வைத்து வாசிக்கும்போதுதான் இந்த லேட்டன்சி தொந்தரவு. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் சாம்பிள் எண்ணிக்கை) 128 என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட், போய்வர அதைப்போல இரண்டு மடங்கு, டிரைவர் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. 10-க்குள் இருந்தால் விரலுக்குத் தெரியாது. பஃபர் 1024-ல் வைத்துவிட்டு "கிட்டார் பின்னாடியே வருது" என்று குழம்பாதீர்கள்.

வசதி ஒரு பக்கம், குறை இன்னொரு பக்கம். ப்ராசஸரில் பெரும்பாலும் மைக்குக்கான ப்ரீஆம்பும் சில மைக்குகளுக்குத் தேவையான 48 வோல்ட் ஃபான்டம் பவரும் இருக்காது. பாட்டும் ரெக்கார்டு செய்ய வேண்டும் என்றால் எப்படியும் ஒரு இன்டர்ஃபேஸ் வாங்கத்தான் போகிறீர்கள். சில பெட்டிகளின் யூஎஸ்பி 44.1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் ஓடும். குறும்படக்காரர்கள் 48-ல் கேட்பார்கள். கடைசியில் மாற்றிக் கொடுத்துவிடலாம், ஆனால் வாங்கும் முன் தெரிந்திருப்பது நல்லது.

மேடைக்கே போகாத, வீட்டில் மட்டும் வாசிக்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் ப்ராசஸர் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். கிட்டார் இன்புட் உள்ள ஓர் இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். கிட்டார் இன்புட் என்றால் சுமார் ஒரு மெகாஓம் இம்பீடன்ஸ் உள்ளது. மைக் இன்புட்டிலோ லேப்டாப்பின் சின்ன ஜாக்கிலோ நேராகக் கொடுத்தால் பிக்கப்பின் உயிர் போய் மந்தமாகக் கேட்கும். அப்புறம் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், ஓப்பன் சோர்ஸ். நிஜ ஆம்ப்களை மெஷின் லேர்னிங் முறையில் பதிவு செய்த மாடல்களை உலகம் முழுக்கப் பலர் இலவசமாகவே தருகிறார்கள். ஒரு ஐஆர் ஃபைலும் சேர்த்தால் பல விலை உயர்ந்த பெட்டிகளுக்கு அருகில் நிற்கும் சத்தம் கிடைக்கும். ரெக்கார்டிங்குக்கு ரீப்பர் என்ற சாஃப்ட்வேர் காசு கட்டாமலே 60 நாள் முழுமையாக ஓடும். மிச்சமாகும் காசில் நல்ல ஹெட்போன் வாங்கலாம்.

வாங்கிய பெட்டி எதுவானாலும் ரெக்கார்டு செய்யும்போது எஃபெக்ட் போட்ட சத்தத்தோடு வெறும் கிட்டார் சத்தத்தையும் தனி டிராக்கில் எடுத்து வையுங்கள். லைன் 6 கம்பெனியின் ஹெலிக்ஸ் வகைப் பெட்டிகளில் யூஎஸ்பியிலேயே இரண்டும் தனித்தனியாக வரும். இயக்குநர் நாளைக்கு வந்து "இவ்வளவு ரஃப்பா வேண்டாம் சார்" என்றால், மறுபடி வாசிக்காமல் அந்த வெறும் டிராக்கையே பெட்டிக்குள் அனுப்பி வேறு சத்தமாக எடுத்துக்கொள்ளலாம். லெவல் மீட்டர் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும், சிவப்புக்குத் தள்ள வேண்டியதில்லை.

கரண்ட்

எஃபெக்ட்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தொடவே மாட்டார்கள். நம் ஊரில் பாதித் தலைவலி இதில்தான்.

அடாப்டரில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வோல்ட், பின்னின் துருவம், மில்லிஆம்ப். பெரும்பாலான பெடலும் சின்ன ப்ராசஸரும் 9 வோல்ட் டிசி, நடுப்பின் நெகட்டிவ். நம் வீட்டில் கிடக்கும் மோடம் அடாப்டர்களில் நடுப்பின் பெரும்பாலும் பாசிட்டிவ். நுழைகிறதே என்று சொருகினால் பெட்டி போய்விடலாம். சில பழைய டிஜிடெக் பெட்டிகளுக்கு 9 வோல்ட் ஏசி வேண்டும், அது வேறு கதை. மில்லிஆம்ப் மட்டும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் 9 வோல்ட்தான், ஆனால் அதன் அடாப்டர் 3 ஆம்பியர் கொடுக்கக் கூடியது. சாதாரண பெடல் அடாப்டரை நம்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் வாங்கி வரும் பெட்டி என்றால் அடாப்டரில் இன்புட் 100-240 என்று இருக்கிறதா பாருங்கள். 120 என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகவே கூடாது.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்ததும் கிட்டாரில் "ஸ்ஸ்ர்ர்" என்று ஓர் இரைச்சல் ஏறுகிறதா? உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாக ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் இன்னும் மோசம். சின்னச் சத்தத்தை அடைத்துவிடும் ப்ராசஸரின் நாய்ஸ் கேட்டை (noise gate) ஏற்றினால் இரைச்சலோடு சேர்ந்து நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தின் வாலும் வெட்டுப்படும். அதனால் பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். ஜிடி-1, ஜி1 ஃபோர் இரண்டும் நாலு பென்சில் செல்லில் ஓடும். ஜி1 ஃபோரை மொபைல் பவர் பேங்கிலும் ஓட்டலாம். லேப்டாப்பையும் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பாதி ஹம் அங்கேயே நின்றுவிடும், முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டு மற்றதைத் தேடுங்கள். ஃபேன் ரெகுலேட்டரும் எல்இடி லைட்டும் அடுத்த சந்தேகப் பேர்வழிகள்.

ஆம்பிலும் லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் பெட்டி இணைந்திருக்கும்போது மட்டும் ஹம் வந்தால் அது கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இரண்டு வழியில் சேருவதால் வருவது. டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டுங்கள். ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு "ஹம் போயிடுச்சு" என்பவர்களை நம்பாதீர்கள், உயிர் விஷயம். ஜெனரேட்டரில் ஓடும் கிராமத்து மேடையில் எர்த் சரியில்லாமல், கிட்டார் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். வாசிக்கத் தொடங்கும் முன் டெஸ்டரால் மைக்கைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

கடையில் கேட்டுப் பார்ப்பது

சொந்த கிட்டார், சொந்த கேபிள், சொந்த ஹெட்போன் மூன்றையும் எடுத்துப் போங்கள். கடையில் இருக்கும் உசத்தி கிட்டாரில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் கேட்கும். கம்பெனி பேட்ச்கள் கடையில் மயக்குவதற்காகவே செய்யப்பட்டவை, எல்லாவற்றிலும் ரிவெர்ப் வழியும். ஒரு காலி பேட்ச் எடுத்து, ஒரே ஒரு ஆம்ப் மாடல், ஒரே ஒரு கேபினட் வைத்து வாசியுங்கள். கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாதிக்கு இறக்குங்கள். டிஸ்டார்ஷன் மெல்லக் குறைந்து கிளீன் பக்கம் வந்தால் நல்ல மாடல், இரைச்சல் அப்படியே இருந்து சத்தம் மட்டும் குறைந்தால் வேண்டாம்.

அடுத்து ஒரு கார்டை அடித்து நீட்டிப் பிடித்துக்கொண்டே பேட்ச் மாற்றுங்கள். நடுவில் சத்தம் அறுகிறதா, டிலேயின் வால் தொடர்கிறதா? மலிவுப் பெட்டிகளில் இந்த இடைவெளிதான் மேடையில் மானத்தை வாங்கும். திரையை வெளிச்சத்தில் சாய்த்தும் பாருங்கள், மாலை ஐந்து மணிக்கே தொடங்கும் கச்சேரி உண்டு.

மாடல்களில் என் சாய்வைக் கேட்டால்: பழகுகிற பையனுக்கு ஜி1எக்ஸ் ஃபோர். ஆர்கெஸ்ட்ராவுக்கு எம்இ-80 வகை. நல்ல ஆம்பும் வைத்து, ரெக்கார்டிங்கும் செய்து, அவ்வப்போது மேடையும் ஏறுகிறவருக்கு பாட் கோ, அல்லது கையில் காசு இருந்தால் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப். மூர், நக்ஸ், வேல்டன், ஹோட்டோன் போன்ற சீனக் கம்பெனிகளின் பெட்டிகள் இப்போது ஐஆர் ஏற்றும் வசதியோடு குறைந்த விலைக்கு வருகின்றன. சத்தத்தில் குறை சொல்ல மாட்டேன், சர்வீஸ் எங்கே என்று மட்டும் பில் போடும் முன் கேளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஒவ்வொரு ஃபுட்ஸ்விட்சையும் மெதுவாகவும் வேகமாகவும் அழுத்துங்கள். ஒரு அழுத்தத்துக்கு இரண்டு முறை மாறினால் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. காலால் ஏற்றி இறக்கும் எக்ஸ்பிரஷன் பெடலை வா எஃபெக்டில் வைத்துக் குதிகாலிலிருந்து நுனிவரை நகர்த்துங்கள், நடுவில் தாவினால் உள்ளே அழுக்கோ தேய்மானமோ உண்டு. ஜாக்கில் கேபிளைச் சொருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். அதன் எடிட்டர் சாஃப்ட்வேர் இன்றைய விண்டோஸில் ஓடுகிறதா என்பதை அந்த இடத்திலேயே போனில் தேடிப் பார்த்துவிடலாம், பல பழைய பெட்டிகள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஒரிஜினல் அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். ஃபேக்டரி ரீசெட் செய்வதற்கு முன் பழையவர் வைத்திருக்கும் பேட்ச்களை கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஆள் மேடையில் வாசித்தவராக இருந்தால் அதில் உருப்படியாக ஒன்றிரண்டு இருக்கும்.